ஒரு பேஸ் இல்லை

அய்யா வீட்டில் இல்லாமல் இருந்தது இருபத்தாறு மணி நேரம் நாற்பது நிமிடம். மற்றவர்கள் இருபத்தேழு மணி நேரம் என்றார்கள். புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மதினி தண்ணீர் பிடிக்கப் போனாள். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அய்யாவை ஏற்றிக்கொண்டு ஆட்டோ வந்து நின்றது. அவர்கள் அப்படி எண்ணினார்கள். என் கணக்கு மூன்று இருபதில் தொடங்கியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அய்யா என் அப்பா. பெயர் நல்லகாமன், வயது அறுபத்தாறு. அலங்காநல்லூருக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலமும், ஒரு கிணற்றில் நாலில் ஒரு பங்கும் இருந்தன. பங்குக் கிணற்றில் மோட்டார் ஓட்டுவதற்கு முறை உண்டு. எங்கள் முறை செவ்வாயும் வெள்ளியும். மோட்டாருக்கு மூன்று பேஸ், அதாவது மூன்று கம்பியிலும், மின்சாரம் வேண்டும். முறை நாளில் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற நேரத்தில் ஆள் கிணற்றடியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த முறை போனதுதான். அய்யா பதினெட்டு வருடம் அப்படிக் காத்திருந்தார்.

எண்பத்தொன்றில் நிலத்தையும் கிணற்றுப் பங்கையும் விற்று வில்லாபுரத்தில் இந்த வீட்டை வாங்கினோம். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அண்ணன் சிவனாண்டி மில்லில் பிட்டர். நான் இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டையும் அய்யாவையும் பார்த்துக்கொண்டது மதினி அன்னக்கொடி. கல்யாணமாகி நாலு வருடம். குழந்தை இல்லை.

அய்யாவுக்கு முதலில் பஸ் நம்பர்கள் மறந்தன. பிறகு மனிதர்களின் பெயர்கள். பிறகு நிலத்தை விற்றது. கிணறும் முறையும் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு இருந்தது. மின்வெட்டு முடிந்து அது எரியும்போதெல்லாம் அய்யா எழுந்து துண்டைத் தேடுவார்.

"கரண்டு வந்துருச்சா ஆத்தா? நான் கெணத்துக்குப் போறேன்."

ஆரம்பத்தில் நாங்கள் உண்மையைச் சொன்னோம். நாலு முறை சொன்னோம். நாலு முறையும் அது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. நாலாவது முறை தரையில் உட்கார்ந்து, சாவு வீட்டில் அழுவது மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் எதற்காக அழுகிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. அழுகை மட்டும் ராத்திரிச் சாப்பாடு வரை நிற்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் சொன்னான், "இனிமே வித்தாச்சுங்கிற பேச்சு இந்த வீட்டுல யாரு வாயிலயும் வரக் கூடாது." மதினியும் நானும் தலையாட்டினோம்.

டாக்டர் அதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொன்னார். நூலகத்தில் ஒரு பெரிய புத்தகத்தில் அதைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். மருந்து என்று எதுவும் அதில் இல்லை.

மதினி எட்டாவது வரை படித்தவள். அவளும் கிணற்றுப் பாசனக் குடும்பத்துப் பெண். ஒருநாள் பல்பு எரிந்ததும் அய்யா துண்டை எடுத்தார். மதினி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, பல்பை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு பேஸ் இல்ல மாமா. இப்ப மோட்டாரப் போட்டா காயிலு எரிஞ்சிரும்."

அய்யா நின்றார். அவரும் பல்பைப் பார்த்தார்.

"ஆமாத்தா. மங்கலாத்தான் இருக்கு. நம்ம கெணத்துப் பங்காளி சின்னக்கருப்பன் இப்பிடித்தான் அவசரப்பட்டு எரிச்சுப்புட்டான். நமக்கென்ன அவசரம்?"

துண்டை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் பதில். ஒரு பேஸ் இல்லாமல் மோட்டாரைப் போட்டால் அது சூடேறி எரியும். இயற்பியல்படி அது முற்றிலும் சரி. கிணறு மட்டும்தான் இல்லை.

அய்யா இரண்டு முறை வெளியே போய்த் தொலைந்து கிடைத்த பிறகு, அண்ணன் வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைத்தான். அய்யா மேலே பார்ப்பதில்லை. பல்பைத் தவிர வேறு எதையும் அவர் அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. மதினி அவருடைய சட்டைக் காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் எங்கள் கதவு எண்ணையும் தெருவையும் தைத்து வைத்தாள். வெளியே போகும்போது தெருவில் நின்று "சோலை, தாழ்ப்பா!" என்று கூப்பிடுவாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் குடத்தை இடுப்பில் வைப்பாள். சோலை நான். முழுப் பெயர் சோலையம்மாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மதினி கூப்பிட்டாள். நான் தாழ்ப்பாள் போட்டேன். சத்தம் கேட்டுத்தான் அவள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தேர்வு. எனக்கு அது மூன்றாவது முறை. மூன்று ஐந்துக்கு மின்சாரம் வந்தது. அய்யா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வெற்றுடம்பு. சட்டை ஆணியில் கிடந்தது.

"கரண்டு வந்துருச்சா ஆத்தா?"

"ஒரு பேஸ் இல்லய்யா."

"கரண்டு வந்துருச்சா?"

எண்ணுவது எனக்குப் பழக்கம். முதல் பத்து முறை மதினியின் பதிலையே சொன்னேன். மதினி அதைச் சொல்லும்போது பக்கத்தில் நிஜமாகவே மோட்டார் இருப்பது மாதிரி இருக்கும். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அய்யாவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. பதினொன்றாவது முறையிலிருந்து நான் பதில் சொல்லவில்லை. அவர் என் எதிரில் வந்து நின்று கேட்டார். புத்தகத்தின் மேல் கையை வைத்துக் கேட்டார். மொத்தம் நாற்பத்தொரு முறை.

நாற்பத்தொன்றாவது முறைக்குப் பிறகு அவர் வீட்டில் இல்லை.

மூன்று நாற்பதுக்கு மதினி குடத்தோடு வந்தாள். கதவு திறந்திருந்தது. குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"மாமா எங்க?"

"நான் கொல்லையில தொவச்சுக்கிட்டு இருந்தேன்," என்றேன்.

"தாழ்ப்பாப் போடலயா நீ?"

"கூப்பிட்டீங்களா மதினி?"

ஒரு கேள்விதான் கேட்டேன். மதினி நெற்றியில் கையை வைத்தாள். "கூப்பிட்டேனே… குழாயடியில சண்டைன்னு பக்கத்து வீட்டக்கா சொல்லிக்கிட்டே வந்துச்சு… கூப்பிட்டேன்னுதான் நெனைக்கிறேன்." பிறகு செருப்புப் போடாமல் தெருவில் ஓடினாள். கொல்லைக் கொடியில் ஈரத்துணி ஒன்றுகூட இல்லை. யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

அண்ணனும் அவனுடன் வேலை செய்கிறவர்களும் சைக்கிளில் தேடினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். அலங்காநல்லூர் பஸ் நிற்கிற இடத்தில் பார்க்கச் சொல்லி நான் அண்ணனிடம் சொன்னேன். அதுவரைக்கும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவனியாபுரத்திலிருந்து அய்யாவின் தங்கை, முத்துத்தாய் அத்தை, வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி அன்னக்கொடி, உனக்குப் புள்ளையா குட்டியா? இந்த ஒரு ஆளப் பாத்துக்கிறதத் தவிர வேற என்னடி சோலி உனக்கு?"

மதினி வாசலில் கிடந்த குடத்தை உள்ளே எடுத்து வைத்தாள்.

"இவளும்தான் இருக்கா," என்று அத்தை என்னைக் காட்டினாள். "வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது. இவகிட்ட நீதானடி சொல்லிட்டுப் போகணும்?"

எனக்கு வாய் இல்லை என்பது எங்கள் உறவு முழுவதற்கும் தெரிந்த விஷயம். அன்று அது எனக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது மதினியின் அண்ணன் மொக்கையன். அவர் அலங்காநல்லூரில் விவசாயம் பார்க்கிறவர். பிறகு அய்யாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். அய்யாவின் இடது புருவத்துக்கு மேல் காயம், ரத்தம் காய்ந்திருந்தது. இரண்டு பாதங்களிலும் தோல் உரிந்திருந்தது. மதினி அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, ஒரு பேசினில் வெந்நீர் கொண்டு வந்து கால்களை அதற்குள் வைத்தாள்.

"நம்ம ஊருக்குப் போற வழியில, செல்லூர்ல தறிக்கூடத்துல இருந்தாரு மாப்ள," என்று மொக்கையன் அண்ணனிடம் சொன்னார். "எல்லாம் மோட்டார்த் தறி. அந்தச் சத்தத்தக் கேட்டு உள்ள போயிருக்காரு. நம்ம ஊருப் பய ஒருத்தன் அங்க தறி ஓட்டுறான். இன்னைக்கு மத்தியானம் வேலைக்கு வந்தவன், அட நம்ம நல்லகாமன் மாமான்னு அடையாளம் கண்டு எனக்கு ஆளு விட்டான்."

"நேத்துலருந்து அங்கயேவா மச்சான் இருந்தாரு?"

"நகர மாட்டேன்னுட்டாராம். டீ குடுத்திருக்காங்க, பன்னு குடுத்திருக்காங்க. கரண்டு போனா எந்திரிச்சு நின்னுக்கிறாராம். வந்தா உக்காந்துக்கிறாராம். வர்ற வரைக்கும் ஒரு பயல சுவிச்சுப் பக்கம் விடலையாம். தறிக்கார அழகுமலை சொல்றான், 'சம்பளமில்லாம ஒரு வாட்ச்மேன் கெடச்சாரேன்னு இருந்தோம்ணே, அதுக்குள்ள வந்து கூப்பிடுறீங்களே'ன்னு."

அண்ணன் சிரித்தான். அத்தைகூடச் சிரித்தாள். இரண்டு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"இன்னொன்னும் சொன்னாராம் மாப்ள. 'கெணத்த வித்தாச்சுன்னு ஒரு பொட்டப்புள்ள சொல்லுச்சுய்யா. பொய்யி. இந்தா ஓடுதுல்ல மோட்டாரு'ன்னாராம்."

சிரிப்பு நின்றது. அண்ணன் மதினியைத் திரும்பிப் பார்த்தான். அவள் பேசினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அய்யாவின் கால் விரல்களுக்கிடையில் இருந்த மண்ணைத் துணியால் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மூன்று எட்டில் போய் அவளுடைய கன்னத்தில் அறைந்தான். பேசின் கவிழ்ந்தது.

"வித்ததச் சொல்லாதன்னு எத்தனை தடவடி சொல்லியிருக்கேன்!"

"நான் சொல்லலங்க."

"பின்ன யாரு சொன்னா? சுவரா சொல்லுச்சு?"

மொக்கையன் நடுவில் வந்து நின்றார். "என் கண்ணு முன்னாடியே கை நீட்டுறியா மாப்ள? உங்கப்பன நான்டா தேடிக் கொண்டாந்தேன்." மொக்கையன் செருப்பைப் போட்டுக்கொண்டார். "இப்பப் பேசுனா வேற மாதிரிப் போயிரும். சனிக்கிழமை வாரேன். ஒன்னுல ரெண்டு பாத்துருவோம்."

நான் தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை அய்யா அதிகம் பேசவில்லை. நான் கஞ்சி கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னை யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் திருப்பிக்கொண்டார். மதினி ஊட்டினாள், குடித்தார். பாதிக் கஞ்சியில் நிறுத்தி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"கெணத்த வித்துட்டமா ஆத்தா?"

இதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதில்லை. அவரிடம் எதுவும் நிற்காது என்று புத்தகத்தில் இருந்தது. இது நின்றிருந்தது.

"யாரு மாமா விக்கிறது? ஒரு பேஸ் வரல, அம்புட்டுத்தான். குடிங்க." சொல்லிவிட்டு மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது. பிறகு கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள். அன்று மாலை துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவள், புதன்கிழமை வெறுமையாகக் கிடந்த அந்தக் கொடியின் கீழே கொஞ்ச நேரம் நின்றாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மொக்கையன் வந்தார். அண்ணன் லீவு போட்டிருந்தான். அத்தையும் வந்திருந்தாள். மின்சாரம் இல்லை. கூடம் புழுக்கமாக இருந்தது. அய்யா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ரெண்டே பேச்சுத்தான் மாப்ள," என்றார் மொக்கையன். "என் தங்கச்சி மேல தப்பில்லைன்னா நீ அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். தப்பிருந்தா நான் இப்பவே கூட்டிட்டுப் போறேன். ஒரேடியாத்தான் போவா. ஆளு விட்டுக் கூப்பிட்டாலும் அனுப்ப மாட்டேன்."

"கூட்டிட்டுப் போங்க மச்சான். இங்க இருந்து என்னத்தக் கிழிச்சா?"

"அட இருப்பா," என்றாள் அத்தை. "எடுத்தேன் கவுத்தேன்னு பேசாத. சூடத்தப் பொருத்தி வைப்போம். கதவ விட்டுட்டுப் போகல, வித்ததச் சொல்லலைன்னு அவ அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா நீ வாயப் பொத்திக்கிட்டு மன்னிப்புக் கேளு. பண்ணலைன்னா அவ பெட்டியக் கட்டட்டும்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விசாரணை இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால் அது உண்மை. பொய்ச் சத்தியம் செய்தால் கருப்பசாமி பார்த்துக்கொள்ளும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. சூடம் ஒரு கரிமச் சேர்மம், எரிந்தால் சாம்பல் மிஞ்சாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அத்தை பித்தளைத் தட்டைத் தரையில் வைத்து மூன்று கட்டி சூடத்தைப் போட்டுப் பற்றவைத்தாள். மதினி எதிரில் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

"வித்ததா நான் மாமாகிட்டச் சொல்லல," என்றாள். கை தட்டுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

"அடுத்ததச் சொல்லு," என்றாள் அத்தை.

"சோலையக் கூப்பிட்டேனான்னு எனக்கு நெசமா ஞாபகமில்ல. தெனமும் கூப்பிடுறேன். அன்னைக்குக் கூப்பிட்டதும் அதுக்கு முந்தின நாளு கூப்பிட்டதும் ஒன்னாத்தான் இருக்கு. தெரியாததுக்கு எப்பிடி அணைக்கிறது?"

"தெரியாதா? கழுத்துல தாலி ஏறுனது ஞாபகமிருக்கா?" என்றாள் அத்தை.

"அன்னக்கொடி, கூப்பிட்டேன்னு சொல்லு," என்றார் மொக்கையன். குரல் கெஞ்சுவது மாதிரி இருந்தது. "சொல்லி அணைச்சிரு தாயி. யாரு பாத்தா?"

"சாமி பாக்கும்ண்ணே."

"அப்ப நீ விட்டுட்டுத்தான் போயிருக்க," என்றான் அண்ணன்.

மதினி கையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பெட்டியக் கட்டு," என்றார் மொக்கையன்.

அப்போது பல்பு எரிந்தது. கட்டிலில் அய்யா புரண்டார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக அவர் தானாக எழுந்து உட்காரவில்லை. ஆணியில் துண்டைத் தேடினார். பிறகு கூடத்தில் இருந்த ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கரண்டு வந்துருச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். இனி அந்தப் பதிலை நான்தான் சொல்ல வேண்டும், நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும், என்பது அந்தப் பார்வையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். மதினி முந்திக்கொண்டாள். சூடத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பி, பல்பை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு பேஸ் இல்ல மாமா," என்றாள். "படுங்க. வந்தாச் சொல்றேன்."

"ஆமாத்தா. மங்கலாத்தான் இருக்கு," என்றார் அய்யா. படுத்துக்கொண்டார்.

மூன்று கட்டிகளில் இரண்டு அணைந்துவிட்டன. மூன்றாவது, ஒரு பட்டாணி அளவில் எரிந்துகொண்டிருந்தது. நான் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சொன்னேன்.

"என்னடி முணுமுணுக்குற?" என்றாள் அத்தை. "பெரியவுக பேசிக்கிட்டு இருக்கையில. எதாச்சும் சொல்றதுன்னா வாயத் தெறந்து சொல்லு."

கையைத் தட்டில் வைத்தேன். சூடு தெரிந்தது, அதிகமில்லை. கையை எடுக்காமல் மறுபடியும் சொன்னேன். தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"மதினி கூப்பிட்டாங்க. நான் தாழ்ப்பாப் போட்டேன். அய்யா நாப்பத்தொரு தடவ கேட்டாரு. வித்தாச்சுய்யா, கெணறும் இல்ல, மோட்டாரும் இல்லன்னு சொன்னது நான். நம்பலைன்னா போய்ப் பாத்துட்டு வாங்கன்னு தாழ்ப்பாளத் தெறந்து விட்டதும் நான்தான்."